சுண்டெலியின் பாற்சுரப்பியை வெட்டாமல் முழுதாகச் சாயமேற்றிப் படமெடுத்தல்: ஒரு முழுமையான வழிகாட்டி

இழையத்தை மெழுகில் பதித்து, 5 மைக்ரோமீற்றர் தடிப்பில் சீவி, வழுக்கியில் ஏற்றிப் பார்ப்பதே நம்மில் பெரும்பாலானோர் முதலில் பழகும் முறை. அதில் ஒரு கலத்தின் கருவைக்கூடத் தெளிவாகப் பார்த்துவிடலாம். ஆனால் ஒரு பாற்கான் எங்கிருந்து புறப்பட்டது, எத்தனை கிளை விட்டது, எந்த இடத்தில் முடிந்தது என்ற கேள்விகளுக்கு அந்தச் சீவலில் விடை கிடைக்காது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் ஒரு கிளையில் தெரியும் வட்டமான வெட்டுவாயைப் பார்த்து அந்தச் செடியின் சட்டம் எப்படிப் படர்ந்திருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குச் செடியை முழுதாகப் பார்க்க வேண்டும். முழு இழையத் தயாரிப்பு அதற்குத்தான் உதவுகிறது.

இந்த வழிகாட்டி சுண்டெலியின் பாற்சுரப்பியை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. அது தட்டையான உறுப்பு. விலையுயர்ந்த கருவி இல்லாத ஆய்வுகூடத்திலும் நல்ல பெறுபேறு தரும். ஒரு முறை கை பழகிவிட்டால் காதுமடல், விழித்திரை போன்ற வேறு மெல்லிய இழையங்களுக்கும் அதே சிந்தனையைக் கொண்டுபோகலாம். பேராதனையில் இந்த வேலையைச் செய்துவரும் எனக்கு, வெளிநாட்டு ஆய்வுகூடக் குறிப்புகளில் உள்ள நேரங்கள் மலைநாட்டின் குளிருக்கும் ஈரத்துக்கும் அப்படியே பொருந்துவதில்லை என்பது பல சுரப்பிகளைக் கெடுத்த பிறகுதான் தெளிவாகியது. கீழே விவரிக்கும் ஒவ்வொரு படியும், தடித்த இழையத்தின் நடுவில் இருக்கும் ஒரு திரவத்தை வெளியேற்றி அந்த இடத்தில் இன்னொரு திரவத்தைக் கொண்டுவரும் வேலையே. அது நடுப்பகுதி வரை போய்ச் சேர்ந்துவிட்டதா என்பதை ஒவ்வொரு படியின் முடிவிலும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் முடிவுசெய்ய வேண்டியவை

விலங்குகளைப் பயன்படுத்தும் எந்த வேலைக்கும் உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் எழுத்து அனுமதி முதலில் கையில் இருக்க வேண்டும். எத்தனை எலிகள் வேண்டும் என்ற கணக்கும் அந்த விண்ணப்பத்திலேயே நியாயப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். பாற்சுரப்பி வேலையில் ஒரு நன்மை உண்டு. ஒரு பெண் சுண்டெலிக்கு 5 சோடிச் சுரப்பிகள் இருப்பதால், ஒரு பக்கத்தை முழுதாகச் சாயமேற்றவும் மறு பக்கத்தை மெழுகுச் சீவலுக்கோ மரபணு வேலைக்கோ ஒதுக்கவும் முடியும். இதனால் எலிகளின் எண்ணிக்கை குறையும். எந்தப் பக்கம் எதற்கு என்பதை ஆய்வின் முதல் நாளிலேயே தீர்மானித்துவிட்டு, கடைசி எலி வரை மாற்றாதீர்கள்.

வயது அடுத்த முடிவு. 3 வாரக் குட்டியில் கான்கள் முலைக்காம்பின் அருகே சிறு புதர்போல மட்டுமே இருக்கும். ஏறக்குறைய 4 முதல் 7 வாரங்களில், பருவமடையும் காலத்தில், கான்களின் நுனிகளில் குண்டான முனை மொட்டுகள் தோன்றிக் கொழுப்புத் திண்டைத் துளைத்துக்கொண்டு முன்னேறும். நான் மாணவர்களுக்கு அவற்றைக் கொழுந்து என்றே சொல்லிக்கொடுக்கிறேன், ஏனெனில் வளர்ச்சி முழுவதும் அந்த நுனியிலேயே நடக்கிறது. 10 முதல் 12 வாரமளவில் கான்கள் திண்டின் விளிம்பை அடைந்ததும் கொழுந்துகள் மறைந்துவிடும். ஆகவே கொழுந்துகளை எண்ணுவது நோக்கமானால் 12 வார எலியை எடுப்பதில் பயனில்லை. முதிர்ந்த எலிகளை ஒப்பிடும்போது, பெண் எலியின் இனப்பெருக்கச் சுழற்சியான ஈஸ்ட்ரஸ் சுழற்சியின் கட்டத்தையும் யோனிப் பூச்சு மூலம் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் பக்கக் கிளைகளின் தோற்றம் அந்தக் கட்டத்துக்கேற்ப மாறும்.

மூன்றாவது முடிவு, கார்மைன் சாயமா பிறபொருளெதிரியா என்பது. கிளைச்சட்டத்தின் வடிவம் மட்டும் போதுமானால் கார்மைன் போதும். எந்தக் கலம் எந்தப் புரதத்தைக் கொண்டிருக்கிறது என்று அறிய வேண்டுமானால், அந்தப் புரதத்தைத் தேடிப் பற்றும் பிறபொருளெதிரி வேண்டும். இழையத்தைச் சிதையாமல் அப்படியே நிறுத்திவைக்கும் நிலைப்படுத்தும் திரவம் இரண்டுக்கும் வேறு என்பதால், சுரப்பியை வெளியே எடுத்த பிறகு மனம் மாறுவதற்கு இடமில்லை.

சுரப்பியை எடுத்து விரித்தல்

வழுக்கியின் ஓரத்திலுள்ள சொரசொரப்பான மங்கற் பகுதியில் எலியின் இலக்கம், பக்கம், திகதி ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவிட்டே கத்தரியைக் கையில் எடுங்கள். பேனாவால் எழுதினால் எதனோலில் அது முழுதாகக் கழுவப்பட்டுவிடும். ஒரே நாளில் 6 வழுக்கிகள் பெயரற்றுப் போன அனுபவம் எனக்கு உண்டு.

அனுமதிக்கப்பட்ட முறையில், வலியின்றி உயிர் நீக்கப்பட்ட எலியை மல்லாக்கக் கிடத்திக் கால்களை ஊசியால் பொருத்துங்கள். வயிற்றின் நடுவில் தோலை மட்டும் வெட்டி, கீழே இரு தொடைகளை நோக்கியும் வெட்டை நீட்டி, தோலை மெதுவாகப் பக்கவாட்டில் விரியுங்கள். வயிற்றுறையைத் துளைக்கக் கூடாது. தோலின் உட்புறத்தில் ஒட்டியபடி, வெளிர்மஞ்சள் நிறக் கொழுப்புத் தகடாக 4ஆவது சுரப்பி தெரியும். அதன் நடுவே, இரத்தக்குழாய்கள் சந்திக்கும் இடத்தில், அரிசி மணி அளவில் ஒரு நிணநீர்க்கணு இருக்கும். பின்னால் செய்யப்போகும் அளவீடு எல்லாவற்றுக்கும் அதுவே அடையாளக் கல். முனை மழுங்கிய சாவணத்தால் முலைக்காம்பின் பக்கம் பிடித்து, கத்தரியின் நுனியைத் தோலுக்கும் கொழுப்புக்கும் இடையே சாய்வாக வைத்து, இழுக்காமல் பிரித்தெடுங்கள். இழுத்தால் கான்கள் நீண்டுவிடும், நீளத்தை அளக்கும் ஆய்வு அந்த இடத்திலேயே கெட்டுவிடும்.

எடுத்த சுரப்பியை, இழையம் ஒட்டுவதற்கெனப் பூச்சிட்ட வழுக்கியில் வையுங்கள். உடலில் எந்தப் பக்கம் தோலை நோக்கி இருந்ததோ அந்தப் பக்கம் கீழே இருக்கட்டும். இரண்டு சாவணங்களால் ஓரங்களை மட்டும் தொட்டு, அது உடலில் இருந்த அகலத்துக்கு விரித்து, மடிப்பு ஒன்றுகூட இல்லாமல் பாருங்கள். பிறகு 5 முதல் 10 நிமிடம் தொடாமல் விடுங்கள். இந்த நேரத்தில் கொழுப்பின் ஓரம் சற்றே உலர்ந்து கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும். மழைநாளில், ஆய்வுகூடத்தின் சன்னல் கண்ணாடியில் நீர் பூத்திருக்கும்போது, 10 நிமிடம் போதாது. வழுக்கியைச் சற்றே சாய்த்தால் சுரப்பி நகர்கிறதா என்று பார்த்து, நகராத பிறகே நிலைப்படுத்தும் திரவத்தில் இறக்குங்கள். ஆனால் நடுப்பகுதி காய்ந்து பளபளப்பு இழக்கும் அளவுக்கு விட்டுவிடவும் கூடாது.

நிலைப்படுத்தல்

கார்மைன் வழிக்கு நான் பயன்படுத்துவது கார்னோய் திரவம்: எதனோல் 6 பங்கு, குளோரோபோம் 3 பங்கு, கிளேசியல் அசற்றிக் அமிலம் 1 பங்கு. குளோரோபோம் கிடைக்காதபோது எதனோல் 3 பங்குக்கு அசற்றிக் அமிலம் 1 பங்கு சேர்த்தும் செய்யலாம். கொழுப்பு சற்று மெதுவாகக் கரையும், அவ்வளவுதான். பயன்படுத்தும் நாளன்றே, புகை அலுமாரிக்குள், கண்ணாடிப் பாத்திரத்தில் கலக்க வேண்டும். குளோரோபோம் பொலிஸ்ரைரீன் பாத்திரத்தைக் கரைத்துவிடும் என்பதைப் பலரும் ஒரு முறை கெடுத்துப் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள்.

இங்கே மலைநாட்டுக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. தூய அசற்றிக் அமிலம் 16.6 பாகை செல்சியஸில் உறைந்துவிடும். அந்தப் பெயரில் உள்ள கிளேசியல் என்ற சொல்லே பனிக்கட்டி போன்ற அந்தத் தோற்றத்திலிருந்து வந்தது. பேராதனையில் இது அரிது. நுவரெலியாவில் தை, மாசிக் காலைகளில் போத்தலைத் திறந்தால் உள்ளே கட்டியாக இருக்கும். பாதி உறைந்த போத்தலிலிருந்து மேலே நிற்கும் திரவத்தை மட்டும் ஊற்றி அளந்தால் செறிவு பிழைத்துவிடும். மூடியைச் சற்றுத் தளர்த்திப் புகை அலுமாரிக்குள் இளஞ்சூட்டு நீரில் நிறுத்தி, முழுதும் உருகிய பின் கலக்கி அளவெடுங்கள். சுவாலையின் அருகே கொண்டுபோகவே கூடாது.

மெல்லிய கன்னி எலிச் சுரப்பிக்கு 2 முதல் 4 மணித்தியாலம் போதும் என்று குறிப்புகள் சொல்லும். நான் இரவு முழுவதும் விடுகிறேன், அதனால் எந்தக் கேடும் இல்லை. கர்ப்பிணி, பாலூட்டும் எலிகளின் தடித்த சுரப்பிக்கு இரவு முழுவதும் விடுவது கட்டாயம். முடிவில் சுரப்பி வெண்மையாகி, தொட்டால் விறைப்பாக இருக்க வேண்டும். நடுவில் இன்னும் மஞ்சளாகவும் வழவழப்பாகவும் ஓர் இடம் இருந்தால் திரவத்தை மாற்றி மேலும் சில மணித்தியாலம் வைத்திருங்கள்.

பயன்படுத்திய கார்னோய் திரவத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள். குளோரின் கொண்ட கழிவுக்குத் தனி முகவரிச்சீட்டுடன் தனிப் போத்தல் வைக்க வேண்டும். நமது குழாய்க்கழிவு எந்த ஆற்றுக்குப் போகிறது என்று பேராதனைப் பாலத்தில் நின்று மகாவலியைப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

கார்மைன் சாயத்தைத் தயாரித்தலும் ஏற்றலும்

கார்மைன், நாகதாளிக் கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு. 1795இல் அந்தப் பூச்சி என்று நினைத்துப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது அதன் காட்டு இனமாகப் போய்விட்டது. சாயம் தேறவில்லை, ஆனால் நாகதாளியைத் தின்று தீர்த்தது. அதைக் கண்டு 1860களில் இலங்கையின் வடக்கிலும் நாகதாளியை அடக்க அதையே கொண்டுவந்தார்கள். இயற்கைப் பொருள் என்பதால் கார்மைன் தொகுதிக்குத் தொகுதி வேறுபடும். ஓர் ஆய்வு முழுவதற்கும் ஒரே தொகுதியை வாங்கிவைப்பதே அறிவுடைமை.

காய்ச்சி வடித்த நீர் 500 மில்லிலீற்றரில் கார்மைன் 1 கிராமையும், படிகாரம் எனப்படும் அலுமினியம் பொட்டாசியம் சல்பேற்று 2.5 கிராமையும் இட்டு, 20 நிமிடம் கொதிக்கவிடுங்கள். ஆறிய பின் குறைந்த நீரைச் சேர்த்து மீண்டும் 500 மில்லிலீற்றராக்கி, வடிதாளில் வடித்து, பூஞ்சணம் பிடிக்காமலிருக்கத் தைமோல் பளிங்கு ஒன்றைப் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். படிகாரத்தில் உள்ள அலுமினியமே சாயத்தை இழையத்தோடு பிணைக்கிறது. அதைக் குறைத்தால் சாயம் கழுவும்போதே போய்விடும். இந்தக் கரைசலைச் சில மாதங்கள் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். செம்மை மங்கி ஊதா கலந்த பழுப்பாகத் தெரியத் தொடங்கினால் புதிதாகக் காய்ச்சுங்கள்.

நிலைப்படுத்திய சுரப்பி எதனோலில் இருக்கிறது, சாயமோ நீரில் இருக்கிறது. ஆகவே நேரே போடாமல் 70 சதவீத எதனோலில் 15 நிமிடம், 50 சதவீதத்தில் 10 நிமிடம், 30 சதவீதத்தில் 10 நிமிடம், கடைசியில் காய்ச்சி வடித்த நீரில் 5 நிமிடம் என்று படிப்படியாக இறக்க வேண்டும். அவசரப்பட்டு நேரே நீரில் போட்டால் இழையம் சுருங்கி வழுக்கியைவிட்டுக் கழன்று மிதக்கும். பிறகு சாயத்தில் இரவு முழுவதும் வையுங்கள். குறிப்புகளில் வரும் அறை வெப்பநிலை என்ற சொல் 22 முதல் 25 பாகையைக் கருதுகிறது. மார்கழி இரவில் நமது ஆய்வுகூடம் அதைவிடப் பல பாகை குறைவாக இருக்கும்போது சாயம் உள்ளே போகும் வேகமும் குறையும். 25 பாகையில் நிறுத்திய வெப்பக்காப்புப் பெட்டி இருந்தால் அதில் வைப்பது சிறந்தது. இல்லாவிட்டால் காலையில் எடுக்க வேண்டியதை மாலை வரை விடுங்கள்.

போதுமா என்று பார்க்க வழுக்கியைச் சன்னலுக்கு நேரே பிடியுங்கள். நிணநீர்க்கணு கருஞ்சிவப்பாக முதலில் கண்ணில் படும். அதைத் தாண்டி, இளஞ்சிவப்புக் கொழுப்பின் ஊடே, கான்கள் மெல்லிய சிவப்பு நூல்களாகத் தெரிய வேண்டும். எல்லாமே ஒரே சிவப்பாக இருந்தால் சாயம் கூடிவிட்டது. 70 சதவீத எதனோலில் ஐதரோகுளோரிக் அமிலத்தை 2 சதவீதமாகச் சேர்த்து அதில் வழுக்கியை அமிழ்த்தி, சில நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, பின்னணி வெளுத்ததும் சாதாரண 70 சதவீத எதனோலில் நன்றாகக் கழுவிவிடுங்கள்.

நீரகற்றலும் தெளிவாக்கலும்

எங்கள் பக்கத்தில் தயாரிப்புகள் கெடுவது பெரும்பாலும் இந்தப் படியில்தான், ஆகவே இங்கே சற்று நின்று பேசுகிறேன். 70, 95, 100 சதவீத எதனோலில் தலா 15 நிமிடம் என்பது பொதுவான கணக்கு. தடித்த சுரப்பிக்கு இதை இரட்டிப்பாக்கி, 100 சதவீதத்தில் இரண்டு முறை புதிய திரவம் மாற்றுங்கள். அதன் பின் சைலீனில் வைத்தால் கொழுப்பின் ஒளிபுகாத் தன்மை போய்ச் சுரப்பி கண்ணாடிபோல் ஆகும். இதற்கு ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை எடுக்கும்; இடையில் சைலீனை மாற்ற வேண்டும்.

சைலீனில் இறக்கியதும் பால்போல வெள்ளை மூட்டம் எழுந்தால், இழையத்தில் இன்னும் நீர் இருக்கிறது என்று பொருள். நான் முதலில் இழையத்தையே குறை சொன்னேன். பல நாள் கழித்துத்தான் குற்றம் 100 சதவீதம் என்று எழுதியிருந்த எதனோல் போத்தலில் இருப்பது புரிந்தது. தூய எதனோல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் நாளுக்குப் பத்து முறை திறந்து மூடும் போத்தலில் இருப்பது பெயருக்கு மட்டுமே 100 சதவீதம். இதைச் சோதிக்க மயில்துத்தம் போதும். நீல நிற மயில்துத்தத்தைச் சூடாக்கினால் நீர் அகன்று வெள்ளைத் தூளாகும். அந்தத் தூளில் சிட்டிகையளவை ஒரு பரிசோதனைக் குழாயில் இட்டு அந்த எதனோலைச் சேர்த்துப் பாருங்கள். தூள் மீண்டும் நீலமானால் எதனோலில் நீர் இருக்கிறது. சிறு போத்தல்களில் வாங்கி, கடைசிக் குளியலுக்கென ஒரு புதிய போத்தலை ஒதுக்கிவைப்பதே இதற்கு வழி. மூட்டம் எழுந்த சுரப்பியை எறிந்துவிடாதீர்கள். புதிய எதனோலுக்குத் திருப்பி அனுப்பி, ஓர் இரவு விட்டு, மீண்டும் சைலீனுக்குக் கொண்டுவந்தால் அது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

சைலீனுக்குப் பதிலாக மெதயில் சலிசிலேற்றையும் பயன்படுத்தலாம். தசைப்பிடிப்புக்குத் தடவும் தைலத்தின் வாசனை அதனுடையதே. ஆகவே பக்கத்து அறையில் இருப்பவர்கள் உங்களுக்கு முதுகுவலியா என்று கேட்பார்கள். ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் அதன் முறிவுச் சுட்டி ஏறக்குறைய 1.54 என்பதால் இழையம் மிக நன்றாகத் தெளியும். ஜேர்மன் உடற்கூற்றியலாளர் வேர்னர் ஸ்பால்ரெஹோல்ற்ஸ் 1914 அளவில் முழு உறுப்புகளைத் தெளிவாக்கக் கையாண்ட பொருள்களில் இதுவும் ஒன்று. இதுவும் பொலிஸ்ரைரீனைக் கரைக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான் மூன்று சுரப்பிகளைச் சாதாரண பெட்ரித் தட்டில் இதில் ஊறவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை வந்து பார்த்தபோது தட்டின் அடி கோந்தாகி மேசையோடு ஒட்டியிருந்தது, சுரப்பிகள் அதற்குள் சிக்கியிருந்தன. கண்ணாடி அல்லது பொலிபுரொப்பிலீன் பாத்திரம் மட்டுமே இதற்கு ஆகும்.

மூடிக்கண்ணாடியை ஒட்டி ஏற்றுவதற்கு டீபீஎக்ஸ் என்ற பசை போதும். சுரப்பி தடிப்பானது என்பதால் தாராளமாக விட்டு, மூடிக்கண்ணாடியை ஒரு ஓரத்திலிருந்து சாய்த்து இறக்கி, மேலே சிறு பாரம் வைத்துக் கிடையாகக் காயவிடுங்கள். ஈரமான மாதங்களில் இரண்டு வாரத்துக்கு முன் வழுக்கியை நிமிர்த்தி வைத்தால் சுரப்பி மெதுவாகக் கீழே வழுகிப்போகும்.

பிறபொருளெதிரி வழி

இந்த வழிக்குக் கார்னோய் வேண்டாம். பராபோமல்டிகைட்டு 4 கிராமைப் பொசுபேற்றுத் தாங்கற் கரைசல் 100 மில்லிலீற்றரில், புகை அலுமாரிக்குள் 60 பாகை வரை சூடாக்கி, சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் சில துளி விட்டுக் கரைத்து, ஆறவிட்டு, வடித்து, பீஎச் 7.4 ஆக்குங்கள். சுரப்பியை அதில் 4 பாகையில் 2 மணித்தியாலம் முதல் ஓர் இரவு வரை வைக்கலாம். கூடுதலாக நிலைப்படுத்தினால் பிறபொருளெதிரி பற்ற வேண்டிய இடங்கள் மறைந்துவிடும்.

பிறபொருளெதிரி பெரிய மூலக்கூறு. பரவல் மூலமாகவே உள்ளே போகிறது. பரவலுக்கு எடுக்கும் நேரம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும், அதாவது தடிப்பு இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். சீவல்களில் ஒரு மணித்தியாலத்தில் முடியும் படி இங்கே நாட்கணக்கில் இழுப்பதன் காரணம் இதுவே. எனவே சுரப்பியைச் சில மில்லிமீற்றர் அகலத் துண்டுகளாக்கி, ட்ரைட்டன் எக்ஸ்-100ஐ 0.5 முதல் 1 சதவீதம் வரை சேர்த்த கரைசலில் கலமென்சவ்வுகளைத் துளைத்து, 10 சதவீத ஆட்டுச் சீரத்தில் தேவையற்ற பற்றுதலைத் தடுத்து, முதல் பிறபொருளெதிரியில் 4 பாகையில் 2 முதல் 3 நாள் மெதுவாக ஆட்டியபடி வையுங்கள். ஒரு பகல் முழுவதும், மணித்தியாலத்துக்கு ஒரு முறை கரைசலை மாற்றிக் கழுவுங்கள். ஒளிர்சாயம் பூட்டிய இரண்டாம் பிறபொருளெதிரியில் இருட்டில் 1 முதல் 2 நாள் வைத்து, மீண்டும் அதே அளவு கழுவி, கருக்களைக் காட்ட டாப்பி என்ற ஒளிர்சாயத்தை மில்லிலீற்றருக்கு 1 மைக்ரோகிராம் அளவில் சேர்க்கலாம். கானின் உட்பக்கக் கலங்களுக்குக் கெரற்றின் 8உம் வெளிப்பக்கக் கலங்களுக்குக் கெரற்றின் 14உம் நம்பகமான அடையாளங்கள். முயலிலோ பேரெலியிலோ உருவான பிறபொருளெதிரியைத் தேர்ந்தெடுங்கள்; சுண்டெலியில் உருவானதைச் சுண்டெலி இழையத்தில் போட்டால் இரண்டாம் பிறபொருளெதிரி இழையத்தில் இயல்பாகவே உள்ள எலியின் பிறபொருளெதிரிகளையும் பற்றிக்கொள்ளும். முதல் பிறபொருளெதிரியைத் தவிர மற்ற எல்லாப் படியையும் கண்ட ஒரு துண்டு ஒவ்வொரு முறையும் உடன் செல்ல வேண்டும். அந்தத் துண்டும் ஒளிர்ந்தால் நீங்கள் பார்ப்பது சமிக்ஞை அல்ல.

நாட்கணக்கில் நடக்கும் வேலைக்கு மின்சாரம் ஒரு கவலை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, குளிர்சாதனப் பெட்டியை நம்பி வைத்த ஒரு தொகுதி முழுதும் சீரம் பழுதாகி நாறிப்போனது. அதிலிருந்து நான் கரைசலில் சோடியம் ஏசைட்டை 0.02 சதவீதமாகச் சேர்க்கிறேன். அது நஞ்சு என்பதால் கையுறை கட்டாயம், கழிவும் தனியாகப் போக வேண்டும். குழாய்களை ரெஜிபோம் பெட்டியில் பனிக்கட்டிகளுக்கு நடுவே புதைத்து, அந்தப் பெட்டியையே குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்பதும் வழக்கமாகிவிட்டது. விலைகூடிய பிறபொருளெதிரியை வந்த நாளிலேயே சிறு குழாய்களாகப் பிரித்துவிடுங்கள். ஒரே குழாயை உறையவிட்டு உருக்கி உறையவிட்டால் அது சீக்கிரம் செயலிழக்கும்.

இந்த வழியில் தெளிவாக்க நான் விரும்புவது கிளிசரோலும் புரற்றோசும் சேர்ந்த கரைசல்: கிளிசரோல் 330 மில்லிலீற்றர், நீர் 70 மில்லிலீற்றர், புரற்றோசு 297.2 கிராம். முறிவுச் சுட்டி 1.47க்கு அருகில் வரும். கொழுப்பின் சுட்டியும் ஏறக்குறைய அதுவே என்பதால் கொழுப்புத் திண்டு அப்படியே மறைந்து கான்கள் மட்டும் மிஞ்சும். நஞ்சில்லை, மணமில்லை, பிளாஸ்டிக்கைக் கரைக்காது. நமது குளிரில் பாகுபோல் தடித்துவிடுவதால் கரைய ஓர் இரவு கலக்கியில் விட வேண்டியிருக்கும்.

படமெடுத்தல்

கார்மைன் சுரப்பிக்குக் கீழிருந்து ஒளி வரும் ஸ்டீரியோ நுணுக்குக்காட்டி உகந்தது. அது இல்லாவிட்டால், படச்சுருளை வருடும் ஒளிப்பகுதி கொண்ட மேசை ஸ்கேனரே போதும் என்பது என் கருத்து. 2400 டீபீஐயில், அதாவது அங்குலத்துக்கு 2400 புள்ளியில், ஒரு பிக்சல் 10.6 மைக்ரோமீற்றர், 4800இல் 5.3 மைக்ரோமீற்றர். கொழுந்து ஒன்று 100 மைக்ரோமீற்றருக்கு மேல் அகலமானது என்பதால் 4800இல் அதற்கு ஏறத்தாழ 20 பிக்சல் கிடைக்கும். எண்ணவும் நீளம் அளக்கவும் அது தாராளம். மெல்லிய பக்கக் கிளைகளுக்கு மட்டும் நுணுக்குக்காட்டிக்குப் போங்கள்.

நுணுக்குக்காட்டியில் ஒளியின் அளவு, படப்பிடிப்பு நேரம், வெண்சமநிலை ஆகிய மூன்றையும் முதல் வழுக்கியில் தீர்மானித்துவிட்டுத் தானியக்கத்தை நிறுத்திவிடுங்கள். வழுக்கி இல்லாமல் வெறும் ஒளியை ஒரு படம் எடுத்து வையுங்கள். இமேஜ்ஜே மென்பொருளில் உங்கள் படத்தை அந்த வெறும் படத்தால் வகுத்தால் ஓரங்களின் இருட்டும் கண்ணாடியின் தூசியும் போய்விடும். சுரப்பி ஒரு சட்டகத்துக்குள் அடங்காதபோது 10 முதல் 20 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி துண்டு துண்டாக எடுத்து இணையுங்கள். மேடை அளவுகோலையும் அதே உருப்பெருக்கத்தில் ஒரு முறை படமெடுங்கள். எல்லாவற்றையும் டிஃப் வடிவில் சேமியுங்கள். ஜேபெக் கான்களின் விளிம்பைத் தின்றுவிடும்.

ஒளிர்சாயத் துண்டுகளுக்கு, ஒரு நேரத்தில் ஓர் ஆழத்தை மட்டும் படமெடுக்கும் கொன்போகல் நுணுக்குக்காட்டி வேண்டும். கிளிசரோலில் அமிழ்த்திப் பார்க்கும் வில்லை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். காற்று வில்லையில் எடுத்தால் ஆழம் சுருங்கித் தெரியும்: வில்லை 10 மைக்ரோமீற்றர் நகரும்போது குவியம் இழையத்துக்குள் ஏறக்குறைய 14.7 மைக்ரோமீற்றர் நகர்கிறது. இதைத் திருத்தாமல் முப்பரிமாண அளவு எதையும் எழுதக் கூடாது. பிக்சல்கள் முழு வெண்மையில் முட்டாதபடி ஒளியைக் குறைத்து வையுங்கள்.

ஈரம் வில்லைகளில் பூஞ்சணத்தையும் கொண்டுவரும். ஒரு முறை படிந்துவிட்டால் அது கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். வில்லைகளைக் கழற்றி, நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லுடன் இறுக மூடிய பெட்டியில் வையுங்கள். அல்லது பழைய வழக்கப்படி ஒரு சிறு இழைமின்குமிழ் எரியும் அலுமாரியில் வையுங்கள்.

அளத்தலும் எண்ணலும்

நிணநீர்க்கணுவின் நடுவிலிருந்து மிகத் தொலைவில் உள்ள கொழுந்தின் நுனி வரை நேர்கோட்டில் அளப்பதே கான் வளர்ச்சிக்கு வழக்கமான அளவு. நுனி இன்னும் கணுவைத் தாண்டாத இளம் சுரப்பியில் அந்தத் தூரத்தை எதிர்க்குறியுடன் எழுதுங்கள். கொழுந்து என்று எதை எண்ணுவது என்பதை எண்ணத் தொடங்கும் முன்பே எழுதிவைக்க வேண்டும். நான் பின்பற்றும் விதி: கானின் நுனியில் இருக்க வேண்டும், பின்னால் உள்ள கானைவிட வெளிப்படையாக அகன்றிருக்க வேண்டும், அகலம் 100 மைக்ரோமீற்றருக்குக் குறையக் கூடாது. கோப்புகளின் பெயரை வேறொருவர் எண்களாக மாற்றிய பிறகு, எந்த எலி எந்தக் குழு என்பதை அறியாத ஒருவரே எண்ண வேண்டும். இரண்டாம் ஒருவரும் தனியாக எண்ண வேண்டும். இருவர் கணக்கும் விலகும் சுரப்பிகளை எடுத்து ஒரே திரையில் சேர்ந்து பார்த்தபோது, பெரும்பாலும் அவை நான் விரிக்கும்போது மடிந்துபோன ஓரங்களாகவே இருந்தன. அப்படிப்பட்ட சுரப்பியைக் கணக்கிலிருந்து நீக்கி, நீக்கிய காரணத்தையும் அந்த எலியின் இலக்கத்துக்கு நேரே பதிவேட்டில் எழுதிவிடுகிறேன்.